பரிசல்காரி சொன்னது

சனிக்கிழமை வரமாட்டேன் என்று நர்ஸ் பர்வீனிடம் சொல்லிவிட்டு சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வர முடியாது, வேறு வேலை இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த பர்வீன் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர்கிட்ட சொன்னீங்களாண்ணே என்றாள். உன்கிட்ட சொல்லிட்டேன்ல, போதும் என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் பக்கத்துப் படுக்கையில் கிடக்கிறேன், எல்லாம் கேட்டது, கேட்காதது மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டேன். டயாலிசிஸ் அறையில் அப்படி ஒரு மரியாதை உண்டு, ஆற்றில் குளிக்கிற துறையில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருக்கிற மாதிரி. ஆறு படுக்கை, ஆறு மெஷின், ஒவ்வொருத்தர் ரத்தமும் வெளியே போய்க் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒரு தடவை விட்டால் கால் வீங்கும், அடுத்ததையும் விட்டால் படுக்க முடியாது, உட்கார்ந்தே மூச்சு வாங்க வேண்டும், அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. ஆகவே சனிக்கிழமை வரமாட்டேன் என்பது சனிக்கிழமையைப் பற்றிய பேச்சு இல்லை, அது இங்கே கிடக்கிற எல்லாருக்கும் தெரியும். வெளியே பெஞ்சில் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அவர் பெண்சாதி ஆரோக்கியத்துக்குத்தான் தெரியாது. காரமில்லாத புளியோதரை கொண்டுவந்திருக்கிறேன் என்று சற்று முன்புதான் என்னிடம் சொன்னாள்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மேலே தலைவர் படம், பிளாஸ்டிக் மாலை. கீழே கொட்டை எழுத்தில், கரை எவ்வளவு தூரம் என்று கேட்காதே, அடுத்த துடுப்பை எங்கே போடுவது என்று பார். அதற்குக் கீழே அவர் பெயர். பெயரை மனசுக்குள்கூட நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்தான் சொன்னார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சிலை இல்லாத ஊர் இல்லை, அவ்வளவு போதும். சவரிமுத்து அவருடைய பக்தர். அரியமங்கலத்தில் மைக் செட் கடை வைத்திருந்தவர், எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் குழாய் கட்டியவர், மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எந்தத் தலைவருக்கும் அசையாத காது அவருக்கு. ஆனால் இந்த ஒருத்தரைப் பற்றி மட்டும் அவர் முன்னால் வாய் திறக்க முடியாது. முதல் நாள் இங்கே வந்தபோது ஊசியைப் பார்த்துவிட்டு எழுந்து போகப் பார்த்தார். பெரிய ஊசி, கோணி ஊசி என்று சொன்னால்கூடத் தப்பில்லை, அதில் இரண்டு. செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார். மெள்ள வாசித்தார். அவரே சொல்லிட்டாரு, குத்தும்மா என்று கையை நீட்டினார். அன்றையிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் அந்த வரியை வாய்க்குள் ஒரு தடவை முணுமுணுப்பார், பர்வீன் அது முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் குத்துவாள். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் ஜெரால்டு சாப்பிட வந்திருக்கிறான். வரலாற்று வாத்தியார். பள்ளிக்கூட விழா மலரில் போடலாம் என்று அந்த வரியைத் தேடியிருக்கிறான், தலைவர் பேசியதும் எழுதியதும் அத்தனை தொகுதியும் புரட்டியிருக்கிறான், எங்கேயும் இல்லை. அவர் அப்படிப் பேசவே இல்ல மாமா, எவனோ எழுதி அவர் பேர்ல ஓட்டிவிட்டிருக்கான் என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை வந்தபோது சவரிமுத்து முணுமுணுக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. எவனோ ஒருத்தன் சும்மா எழுதுனதுக்கா நான் இத்தன நாளு குத்திக்கிட்டுக் கெடந்தேன் என்று கூரையைப் பார்த்துச் சொன்னார், அதற்கப்புறம்தான் சனிக்கிழமைப் பேச்சு.

எவனோ ஒருத்தன் இல்லை. எனக்குத் தெரியும். இந்த ஊரில், ஏன், இந்த உலகத்தில் இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். அது என் வசனம். நான் எழுதியதல்ல, நான் பேசியது. தலை கறுப்பாக இருந்த காலத்தில் இதே திருச்சியில் வானொலி நாடகத்தில் வியாழக்கிழமைதோறும் காத்தாயி என்கிற பரிசல்காரியாக நான் பேசினேன். புருஷனைக் கொள்ளிடத்துக்குக் கொடுத்துவிட்டு அதே கொள்ளிடத்தில் பரிசல் போட்டுப் பிழைக்கிறவள். எழுதியவர் கோதண்டம், தபால் ஆபீசில் ஸ்டாம்பு விற்கிறவர். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார மாட்டார். பரிசலில் கால் வைத்ததே கிடையாது, அதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா என்று என்னிடம் கேட்டார், எனக்கு மட்டும் என்ன தெரியும், நான் மில் லைன் வீட்டில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். ஆற்றுச் சத்தத்துக்கு அலுமினிய அண்டாவில் தண்ணீர் ரொப்பி மைக்குக்குக் கீழே வைப்பார்கள், கோதண்டமே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அலம்புவார். சாதாரண நாளுக்கு ஒரு கை, வெள்ளத்துக்கு இரண்டு கை. அன்றைக்கு வெள்ளம். பரிசலில் ஒரு பிள்ளைத்தாச்சி, ஆஸ்பத்திரி அக்கரையில், வலி எடுத்து அவள் அழுதுகொண்டே கேட்கிறாள், கரை இன்னும் எவ்வளவு தூரம்க்கா. நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, கேன்டீன் போண்டா நெஞ்சிலேயே நின்றுகொண்டிருந்தது, வீட்டில் உலை வைக்கவில்லையே என்ற கவலை வேறு. கரை எவ்ளோ தூரம்னு கேக்காத தாயி, அடுத்த துடுப்ப எங்க போடுறதுன்னு பாரு. ஒரே தடவையில் பதிவாகிவிட்டது. கோதண்டம் ஈரக்கையோடு நிமிர்ந்து பார்த்தார், நல்லா இருந்தது இந்திராணி என்றார், அவ்வளவுதான். நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அது எப்படி அங்கேயிருந்து கிளம்பி அந்தச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது என்று நானும் படுத்துக்கொண்டே பல தடவை யோசித்திருக்கிறேன். யாரோ கேட்டிருப்பார்கள், பேச்சுப் போட்டிக்கு மகளுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், ஒரு பரிசல்காரி ரேடியோவில் சொன்னாள் என்று மேடையில் சொல்ல முடியுமா, அறிஞர் ஒருவர் சொன்னார் என்று சொல்லியிருப்பாள் அந்தப் பெண், அடுத்தவன் எந்த அறிஞர் என்று கேட்டிருப்பான். நம் ஆட்களுக்கு ஒரு நல்ல வார்த்தை அநாதையாகத் தெருவில் நின்றால் பொறுக்காது. ஒரு பெரிய வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தூங்குவார்கள். முதல் நாள் இந்தச் சட்டத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அவர் படத்துக்குக் கீழே என் மூச்சு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரத்தத்து யூரியா தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள். எனக்கு அந்த வரி எந்த உபயோகத்துக்கும் பட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும். போண்டாவின் வாசனையோடு ஞாபகம் வருகிற வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு யார் கரையேறுவது. நான் ஊசி குத்தும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன், என் பழக்கம் அது.

தாகமாக இருக்கிறது. இந்த நோயில் வலியைவிட அதுதான் கொடுமை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து வைத்திருக்கிறார்கள், மாத்திரைக்குப் பாதி, காப்பிக்குப் பாதி, அதோடு சரி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஒரு ஐஸ் துண்டு கேட்கலாம், பர்வீன் அந்தக் கடைசிப் படுக்கையில் இருக்கிறாள், வரட்டும். அண்டா நிறையத் தண்ணீர், கோதண்டத்தின் இரண்டு கை, விரலிலிருந்து சொட்டுகிறது, அந்தத் தண்ணீரை நாங்கள் கடைசியில் வராந்தாச் செடிக்கு ஊற்றுவோம், அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. நான் என்ன யோசித்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து. சனிக்கிழமை. ஒன்று செய்யலாம், அவர் அப்படிச் சொன்னதிலிருந்து அது நெஞ்சில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொய் சொல்லலாம். உங்க மருமவனுக்கு என்ன தெரியும், தொகுதியில இருக்கிறது மட்டும்தான் அவர் பேசுனதா, நான் என் காதால கேட்டேன் என்று சொல்லலாம். காவிரி மணலில் கூட்டம், அப்பா தோளில் நான், தலைவர் பேசுகிறார், ஆற்றுப் பக்கமிருந்து காற்று, மைக் ஒரு தடவை கூவி அடங்குகிறது, அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறார், கரை எவ்வளவு தூரம் என்று கேட்காதே. மைக் கூவியது என்று சேர்த்தால் போதும், சவரிமுத்து நம்பிவிடுவார். சொல்லத் தெரியாதவளா நான். அழுகிற காட்சியில் எலுமிச்சம்பழம் இல்லாமல் அழுதவள். ஒரு பொய், ஒரு மனுஷன் பிழைப்பான், ஆரோக்கியம் கூடையை எடுத்துக்கொண்டு செவ்வாய், வியாழன், சனி வந்துகொண்டிருப்பாள். இதில் என்ன பாவம் இருக்கிறது. ஆனால் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, ஏனென்று தெரிந்துகொண்டால் தேவலை.

அப்பாவை இழுத்ததால் இருக்கும். அப்பா நிஜமாகவே அந்த மணலில் நின்று கேட்டவர், நான் தோளில் இல்லை, நான் பிறக்கவே இல்லை. பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று தலைவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, பிற்பாடு நான் பிறந்தபோது, அவருக்குக் கொடுத்த வாக்கு என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதே வார்த்தையை அம்மா எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் செய்திருக்க மாட்டார். தலைவர் ஜெயிலுக்குப் போனவர், பட்டினி கிடந்தவர், அவர் ஒரு சொல் சொன்னால் அதற்குப் பின்னால் அவர் உடம்பு நின்றது. எனக்குப் படிக்கத் தெரிந்ததால்தான் நாடக வசனத்தைப் படித்தேன், ஆக காத்தாயியே அவர் போட்ட பிச்சைதான் ஒரு வகையில். அந்தக் கைக்கு முன்னால் காத்தாயி யார். காகிதம். கோதண்டத்தின் பயம், என் தொண்டைக்கட்டு, ஓர் அண்டாத் தண்ணீர். ஒரு நாள்கூட ஆற்றில் நனையாதவர் எழுதி, ஒரு நாள்கூடப் பரிசல் தள்ளாதவள் பேசினாள். ஜெரால்டு சொன்னது சரிதானே, சும்மா எழுதியது. சவரிமுத்துவுக்கு அவமானமாக இருப்பது நியாயம். ஒரு சும்மாவை நம்பிக் கையை நீட்டியிருக்கிறோமே என்று. எனக்கே கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை, கோதண்டம் மேலா, ஜெரால்டு மேலா, இந்த மாலை போட்ட சட்டத்தின் மேலா. இத்தனை பெரிய நோய்க்கு ஒரு வரிதானா அகப்பட்டது உங்களுக்கு என்று சவரிமுத்துவையே பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. கையை அசைக்க முடியாது. ஊசி இருக்கிறது.

அவர் மெஷின் கத்துகிறது. பர்வீன் ஓடி வருகிறாள். காலில் பிடிப்பு, கெண்டைக்கால் இறுகி உருண்டு நிற்கிறது, எனக்கும் வரும், எலும்பை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கும். பர்வீன் பாதத்தை மார்பில் முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறாள், மூச்சு விடுங்கண்ணே, விடுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க. வழக்கமாக இந்த நேரத்தில் அவர் வாய்க்குள் அந்த வரி ஓடும், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி திரும்பத் திரும்ப, நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறேன். இப்போது ஒன்றுமில்லை. வாய் திறந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, பல் மட்டும் தெரிகிறது. பிடிப்பு விட்டது. வேர்வையைத் துடைத்துவிட்டு பர்வீன் அவர் காதருகே குனிந்து, சனிக்கிழமை காலை ஷிப்டே போட்டுத் தரேண்ணே, வெயிலுக்கு முந்தி வீட்டுக்குப் போயிடலாம் என்றாள். அவர் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அந்த வெற்று வாயைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. சாவைப் பற்றி இல்லை, அது எனக்கும் பழகின ஆள்தான். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் ஒரு மனுஷன் வலியில் துடிப்பதைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்க்கிற பயம். அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்னிடம்தான் இருக்கிறது, என் தொண்டையில்.

ஒரு பெண் வந்தாளே. லால்குடிப் பக்கம். அவளை எப்படி மறந்தேன். அந்த வெள்ளக் காட்சி ஒலிபரப்பான சில நாளில் வானொலி நிலைய வாசலில் ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்து நின்றாள், காத்தாயியைப் பார்க்க வேண்டும் என்றாள். வாட்ச்மேன் சிரித்துவிட்டு அப்படி யாரும் இல்லம்மா, அது கதை என்றார். அவள் நகரவில்லை. நான் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தேன், கையில் பை, தலையில் கனகாம்பரம், என்னைப் பார்த்தால் யாருக்கும் பரிசல்காரி ஞாபகம் வராது. நானும் சொன்னேன், அப்படி ஒருத்தி கிடையாதும்மா, எழுதுறவர் எழுதுறார், நாங்க பேசுறோம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இல்லாட்டி என்ன, நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லுங்க என்றாள். புருஷன் வீட்டை விட்டுப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன், நல்லா இருக்கேன், அதை மட்டும் சொல்லிடுங்க. பழத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அப்போது நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பழத்தைப் பங்கு போட்டுத் தின்றோம். இல்லாட்டி என்ன. எவ்வளவு தைரியமாகச் சொன்னாள். அவளுக்குக் காத்தாயி இல்லை என்பது தெரியாமல் இல்லை, வாட்ச்மேன் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன். தெரிந்துகொண்டுதான் சொல்லி அனுப்பினாள். நான்தான் போய்ச் சொல்லவில்லை, யாரிடம் போய்ச் சொல்வது.

ஒன்று தோன்றுகிறது, அதை விட்டுவிடக் கூடாது, தாகத்தில் நழுவிவிடும். தலைவர் சொன்னாரா இல்லையா என்று தேடலாம். ஜெரால்டு மாதிரி ஒருத்தன் தொகுதியோடு வருவான், இல்லை என்பான், நாளைக்கு இன்னொருத்தன் வந்து இருக்கிறது என்பான். சொன்னவர் வேறொரு நாள் வேறொன்று சொல்லியிருப்பார், அவரும் மனுஷர்தானே, களைத்திருப்பார், வீட்டில் ஒரு மாதிரி இருந்திருப்பார். காத்தாயிக்கு வீடு கிடையாது. வேறொரு நாள் கிடையாது. அவள் சொன்னது மட்டும்தான் அவள். அதற்கு மாறாக நடந்துகொள்ள அவளுக்கு உடம்பு இல்லை. எந்த வரலாற்று வாத்தியார் வந்தும் காத்தாயி அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது, அவள் சொன்னாள், நான் கேட்டேன், கோதண்டத்தின் ஈரக்கை கேட்டது. உடம்பு பின்னால் நிற்கவில்லையே என்றால், நின்றிருக்கிறதே, சவரிமுத்துவின் உடம்பு நின்றிருக்கிறது, அத்தனை ஊசியும் அந்த வரிக்குப் பின்னால்தான் போயிருக்கிறது. லால்குடிக்காரியின் உடம்பு நின்றிருக்கிறது. தலைவர் தன் சொல்லுக்குத் தானே விலை கொடுத்தார். காத்தாயி சொல்லுக்குக் கேட்டவர்கள் கொடுத்தார்கள். எது ஒசத்தி என்று எனக்குத் தெரியாது, தராசு என்னிடம் இல்லை. ஆனால் பொய் சொல்லமாட்டேன். தலைவர் வாயில் திரும்பவும் கொண்டுபோய் வைத்தால் திரும்பவும் பிடுங்குவார்கள், அந்த மனுஷன் இன்னொரு தடவை வெறும் வாயோடு கிடப்பார். உள்ளதைச் சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். ஐஸ் வந்தது. வாயில் போட்டுக்கொண்டேன், கரைகிற வரை காத்திருந்தேன், அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை தாமதத்துக்கு.

"சவரிமுத்து."

"தூங்கலக்கா. சொல்லுங்க."

"உங்க மருமவன் சொன்னது சரிதான். அத அவரு சொல்லல."

"அதான் முடிஞ்சுபோச்சே. விடுங்க."

"யாரு சொன்னான்னு எனக்குத் தெரியும்."

தலையைத் திருப்பினார். நான் சொன்னேன். காத்தாயின்னு ஒரு பரிசல்காரி, கொள்ளிடத்துல, வெள்ளத்துல, ஒரு புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டுப் போறப்ப சொன்னது என்றேன். அவர் கண் கொஞ்சம் விரிந்தது, உயிரோட இருக்காங்களா என்று கேட்டார். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் போதும், அதுவே ஒரு நல்ல பொய்யாக நின்றிருக்கும். "இல்ல, நெசத்துல அப்படி ஒருத்தி கெடையாது. கதை. ரேடியோ நாடகம். நான்தான் பேசினேன்" என்றேன். கதையா என்றார். கதைதான். நீங்களா என்றார். நான்தான். அவர் சிரிக்கவில்லை. கடையில் பழைய ஆம்பிளிஃபயரைக் கொண்டுவந்து வைத்தால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்துவிட்டு, "எங்க, சொல்லுங்க" என்றார்.

இதற்குத்தான் பயந்தேன். அந்தக் குரல் எங்கே இருக்கிறது, நோய் வந்ததிலிருந்து நான் பேசுவதே காற்றும் கரகரப்பும்தான், பால்காரன்கூட போனில் யாரு தாத்தாவா என்கிறான். தேடினேன். போண்டா வாசனையைத் தேடினேன், அண்டாவைத் தேடினேன், அந்தப் பிள்ளைத்தாச்சியாகப் பேசிய பெண்ணின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. பர்வீன் கடைசிப் படுக்கைப் பக்கம் கையில் ட்ரேயோடு நின்றுவிட்டாள். வயிற்றிலிருந்து எடுத்தேன். கரை எவ்ளோ தூரம்னு கேக்காத தாயி, அடுத்த துடுப்ப எங்க போடுறதுன்னு பாரு. பழைய குரல் வரவில்லை. வேறொன்று வந்தது, உடைந்து, ஈரமில்லாமல், ஆனால் அவள்தான். காத்தாயிக்கும் வயசாகியிருக்கிறது, இத்தனை நாள் அவளும் எங்கோ இருந்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்க முடியவில்லை, வந்தது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சவரிமுத்து கண்ணை மூடிக் கேட்டார். "மைக்குக்கு எவ்ளோ தூரத்துல நின்னீங்க" என்றார். ஒரு சாண் என்றேன். "தண்ணிச் சத்தம் வச்சாங்களா." அண்டாவுல எழுதுனவரே கைய விட்டு அலம்புனாரு, அவருக்குத் தண்ணின்னா பயம் என்றேன். உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு, "தலைவரு சொன்னாருன்னா அது ஒரு பலம்க்கா" என்றார், குறை சொல்கிற மாதிரி இல்லாமல், வருத்தமாக. பலந்தான், எங்கப்பாவும் அப்படித்தான், இல்லன்னு சொல்லல என்றேன். ஆனா இவ சொல்லலைன்னு எந்தப் புஸ்தகத்தையும் யாரும் உங்ககிட்ட நீட்ட முடியாது, இவளுக்கு அந்தச் சொல்லத் தவிர வேற சொத்து இல்ல என்றேன்.  ரொம்ப நேரம் கழித்து, அவர் தூங்கிவிட்டார் என்று நான் நினைத்த பிறகு, கேட்டார்.

"அந்தப் புள்ளத்தாச்சி கரை சேந்துச்சா."

இதை எதிர்பார்க்கவே இல்லை. சேர்ந்தது, ஆண் குழந்தை, சுகப்பிரசவம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம், கதைதானே, நான் என்ன சொன்னாலும் அதுதான் கதை. ஆனால் நடந்தது அதில்லை. அந்த வாரம் தொடரும் என்று அறிவித்தார்கள், அடுத்த வாரத்துக்குள் கோதண்டத்தை ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள், வியாழக்கிழமை நேரத்தில் நிலக்கடலைப் பயிர்ப் பாதுகாப்பு வந்தது. "தெரியல" என்றேன். "பாதியில நிறுத்திட்டாங்க. பரிசல் நடு ஆத்துல நின்னுபோச்சு." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன் பேர்வழி என்று இருந்த ஒரே கயிற்றையும் அறுத்தேன், யார் கேட்டார்கள் என் உண்மையை. மீதி நேரம் முழுக்க அவர் தோள்பட்டையில் சட்டைக் கோடு ஒன்றையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், கோடு நீலம், ஓர் இடத்தில் தையல் விட்டிருந்தது.

மெஷின் நேரம் முடிந்தது. பர்வீன் ஊசிகளை உருவினாள், இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டோம். ஆரோக்கியம் உள்ளே வந்து அவர் செருப்பைத் திருப்பி வைத்தாள். அவர் எழுந்து எடை பார்த்தார், துண்டைத் தோளில் போட்டார், பர்வீன் கேட்கப் பயந்துகொண்டு நின்றாள். சுவரில் இருந்த சட்டத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"ஏக்கா, நிறுத்துனது ரேடியோக்காரங்கதானே. அந்தம்மா துடுப்ப நிறுத்தலைல்ல."

எனக்கு இதற்கு வசனம் யாரும் எழுதித் தரவில்லை. "நிறுத்தல" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பர்வீனிடம், "சனிக்கிழமை எனக்கு இதே பெட்டப் போடும்மா" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியத்தின் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.